முன்னோர் அளந்து வரைந்த அறிவுப்படங்கள்

நம் சமூக வெளியீடுகளின் அட்டையிலும் திருமண அழைப்பிதழ்களின் முகப்பிலும் தவறாது இடம்பெறும் சின்னம் ஒன்று உண்டு. கீழே அகன்று, இடையில் ஒடுங்கி, மீண்டும் விரிந்து, உச்சியில் குறுகும் ஓர் எல்லைக்கோடு; அதனுள் ஓர் உள்ளங்கை; கையின் மேல் சுவத்திகம்; அதற்கு மேல் மூன்று புள்ளிகள்; எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பிறையும் ஒரு புள்ளியும். 1974-75ஆம் ஆண்டில் பகவான் மகாவீரரின் 2500ஆவது நிர்வாண ஆண்டு நாடெங்கும் கொண்டாடப்பெற்றபோது சமணத்தின் எல்லாப் பிரிவினரும் ஒருங்கே ஏற்றுக்கொண்ட சின்னம் இது.

இதனை நாள்தோறும் காண்கிறோம், படிப்பவர் சிலரே. எல்லைக்கோடு உலகத்தின் வடிவம். உள்ளங்கை அஞ்சாமையை அளிப்பது. தீவினை செய்யத் துணிவோரை 'நில்' எனத் தடுப்பதும் அதுவே. கையினுள் இருப்பது அறவாழி. சுவத்திகத்தின் நான்கு கைகளும் தேவ, மனித, விலங்கு, நரக கதிகள். மூன்று புள்ளிகள் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள். பிறை சித்தசிலை, அதன் மேலுள்ள புள்ளி வீடுபெற்ற உயிர். கண்ணைக் கீழிருந்து மேலாக நகர்த்தினால், நான்கு கதிகளில் சுழலும் உயிர் மும்மணிகளின் வழியே உலகின் உச்சியை அடையும் பாதை முழுவதும் இரண்டு விரற்கடை இடத்தில் அடங்கிக் கிடப்பதைக் காணலாம். தத்துவார்த்த சூத்திரம் பத்து அத்தியாயங்களில் விரித்துரைப்பதை ஒரு படம் ஒரு பார்வையில் நினைவூட்டிவிடுகிறது.

எண்களையும் கருத்துகளையும் படமாக்கிக் காட்டும் கலைக்கு இன்று பெருமதிப்பு ஏற்பட்டுள்ளது. நாளிதழ்கள் தேர்தல் முடிவுகளை வண்ண வட்டங்களாகத் தருகின்றன. பள்ளிப் பிள்ளைகள் சார்ட் பேப்பரில் பட்டை வரைபடம் வரைந்து மதிப்பெண் பெறுகின்றனர். இக்கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து தொடங்குவர். 1786இல் வில்லியம் பிளேஃபேர் என்பவர் வாணிகக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து நூலாக்கினார். 1801இல் வட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் முறையையும் அவரே அறிமுகம் செய்தார். 1858இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், கிரிமியப் போரில் வீரர்கள் காயத்தினும் நோயினாலேயே மிகுதியாக மாண்டனர் என்பதை இதழ் விரிந்த மலர்போன்ற வட்டப்படத்தால் ஆட்சியாளர்க்கு உணர்த்தினார். இவை போற்றத்தக்க பணிகளே. ஆயினும் அளவையும் வகையையும் வடிவாக மாற்றும் பழக்கம் நம் மரபில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. அப்படங்களை வழிபாட்டுக்குரிய அழகுப்பொருள்களாக மட்டும் கண்டு பழகிவிட்டோம். அவற்றுள் கணக்கு இருக்கிறது என்பதைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மேற்சொன்ன உலக வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். நம் ஆகமங்களின்படி உலகின் உயரம் 14 ரஜ்ஜு. ரஜ்ஜு என்பது கயிறு என்று பொருள்படும் அளவைப் பெயர். உலகின் அகலம் அடியில் 7 ரஜ்ஜு. அங்கிருந்து படிப்படியாகக் குறைந்து, நாம் வாழும் நடுவுலகில் 1. மீண்டும் விரிந்து பிரம்ம கற்பத்தில் 5. உச்சியில் மறுபடியும் 1. முன்பின்னான கனம் எங்கும் 7. ஒரு சாவகர் இவ்வெண்களை மனப்பாடம் செய்யலாம். ஆனால் படத்தைக் கண்டவர்க்கு மனப்பாடம் வேண்டுவதில்லை. கால்களை அகற்றி நின்று, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிய மனிதனின் உருவமாக அதனை வரைந்தார்கள். அகன்ற பாதங்கள் 7, ஒடுங்கிய இடை 1, விரிந்த முழங்கைகள் 5, தலை 1. உடம்பையே அளவுகோலாக்கிய இவ்வுத்தியை மறக்க நினைத்தாலும் மறக்க இயலாது.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். கீழ்ப்பாதியின் சராசரி அகலம் 7ஐயும் 1ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 4. உயரம் 7, கனம் 7. ஆகவே கன அளவு 196. மேற்பாதியின் சராசரி அகலம் 3; அதன் கன அளவு 147. இரண்டும் சேர 343. அது ஏழை மும்முறை பெருக்கிய எண். உலகு 343 கன ரஜ்ஜு என்று ஆகமம் கூறுவது இவ்வாறே பெறப்படுகிறது. மனிதனாக நிற்கும் உலகை வெட்டி அடுக்கினால் பக்கம் 7 ரஜ்ஜு கொண்ட சரியான கனசதுரம் கிடைக்கும். யதிவிருஷபரின் திலோயபண்ணத்தியும், பத்தாம் நூற்றாண்டில் சாமுண்டராயர்க்கு ஆசிரியராக விளங்கிய நேமிசந்திரரின் திரிலோகசாரமும் இத்தகைய அளவைகளை நிரம்பப் பேசுகின்றன. படத்திற்கு ஒரு குறையும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். முன்தோற்றத்தை மட்டுமே காட்டுவதால் 7 ரஜ்ஜு கனம் அதில் தெரியாது. அதனால்தான் நல்ல ஓவியத்தில் அருகே எண்ணும் எழுதியிருப்பர். எண் எழுதாத படம் பாதிப் படம்.

நடுவுலகின் நடுவே உள்ள ஜம்புத்தீவின் வரைபடம் இன்னும் நுட்பமானது. அதன் விட்டம் 1,00,000 யோசனை. தெற்கிலிருந்து வடக்காக ஏழு நாடுகளும், அவற்றைப் பிரிக்கும் ஆறு மலைகளும் பட்டை பட்டையாகக் கிடக்கின்றன. தென்கோடியிலுள்ள பரத நாட்டின் அகலத்தை ஒரு பங்கு எனக் கொண்டால், அடுத்த இமவான் மலை 2 பங்கு. அடுத்த நாடு 4. அடுத்த மலை 8. பின் 16, 32 என இரட்டித்து நடுவிலுள்ள விதேகம் 64 பங்காகும். அங்கிருந்து வடக்கே அதே வரிசையில் பாதி பாதியாகக் குறைந்து ஐராவதத்தில் மீண்டும் ஒரு பங்கில் முடியும். அனைத்தையும் கூட்டினால் 190. ஒரு லட்சத்தை 190ஆல் வகுத்தால் 526 யோசனையும் 19இல் 6 பங்கும் வரும். பரத நாட்டின் அகலமாக ஆகமம் கூறும் அளவு இம்மி பிசகாமல் இதுவே. இந்த 19இன் பின்னம் எங்கிருந்து வந்தது என்று மாணவப் பருவத்தில் வியந்தவர் பலர் இருப்பர். ஆசிரியர் ஒருவர் இப்பட்டைகளைக் கரும்பலகையில் வரைந்து கூட்டிக் காட்டியிருந்தால் ஐயம் அன்றே தீர்ந்திருக்கும்.

ஓவியர் பட்ட இடரையும் எண்ணிப் பாருங்கள். பரத நாட்டை ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் வரைய விரும்பினால் ஜம்புத்தீவு 190 சென்டிமீட்டர் விட்டம் கொண்டதாக வேண்டும். மாறாக ஜம்புத்தீவையே ஒரு சென்டிமீட்டர் வட்டமாகச் சுருக்கினால், அதனைச் சூழும் லவண சமுத்திரம் இருபுறமும் 2, தாதகித் தீவு 4, காலோதக் கடல் 8, புட்கரத் தீவின் பாதி 8 என விரிந்து, மனிதர் வாழும் இரண்டரைத் தீவுகளும் 45 சென்டிமீட்டருக்குள் அடங்கும். இது 45 லட்சம் யோசனை. உலகுச்சியிலுள்ள சித்தசிலையின் விட்டமும் அதே 45 லட்சம். மனிதர் வாழும் பரப்பும் வீடுபெற்றோர் உறையும் பரப்பும் ஒன்றுக்கொன்று நேர்மேலாகப் பொருந்துகின்றன. மனிதப் பிறவியிலிருந்தன்றி வீடில்லை என்னும் கொள்கையை இரு வட்டங்களின் அளவொற்றுமை கூறிவிடுகிறது.

இதற்கப்பால் எட்டாம் தீவாகிய நந்தீசுவரத்திற்குச் செல்வோம். தீவும் கடலும் மாறி மாறி இரட்டித்துச் செல்வதால் அதன் அகலம் 163 கோடியே 84 லட்சம் யோசனை. ஜம்புத்தீவை ஒரு சென்டிமீட்டராக வரைந்த அதே தாளில் நந்தீசுவரத்தையும் வரைய வேண்டுமெனில், நடுவிலிருந்து ஏறத்தாழ 164 மீட்டர் தள்ளித்தான் அது தொடங்கும். அதன் அகலமும் 164 மீட்டருக்குச் சற்றே குறையும். திண்டிவனத்தின் எந்தத் தெருவிலும் அத்தாளை விரிக்க இயலாது. ஆகவே நந்தீசுவரத்தைத் தனியே பிரித்தெடுத்துச் செம்பிலும் வெண்கலத்திலும் வார்த்தார்கள். நான்கு திசைக்கும் திசையொன்றுக்கு ஓர் அஞ்சனகிரி, நான்கு ததிமுகம், எட்டு ரதிகரம் எனப் பதின்மூன்று மலைகள். மலைக்கொரு ஜினாலயமாக 52 ஆலயங்கள். நம் ஆலயங்கள் பலவற்றில் அடுக்கடுக்காக ஜினவடிவங்கள் சூழ்ந்த நந்தீசுவர பிம்பம் உள்ளது. ஆடி, கார்த்திகை, பங்குனியை ஒட்டிவரும் அட்டானிக நாள்களில் அதற்குத் திருமஞ்சனம் செய்கிறோம். அதனருகே பிள்ளையை நிறுத்தி 13ஐ நான்கால் பெருக்கச் சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்?

நவதேவதை பிம்பமும் இவ்வகையினதே. தாமரையின் நடுவில் அருகர். நான்கு பெருந்திசைகளில் சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள். கோணத்திசைகளில் ஜினதர்மம், ஜினாகமம், ஜினபிம்பம், ஜினாலயம். பெருந்திசைகளில் உயிருள்ளோர், கோணங்களில் அவர்தம் அறமும் நூலும் உருவும் உறைவிடமும். பெயர்ப்பட்டியலாக எழுதினால் ஒன்பது வரி. வட்டமாக வைத்தபோது எது நடு, எது அதனைச் சார்ந்தது என்பதும் விளங்கிவிடுகிறது.

நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, செஞ்சிக்கு வடக்கேயுள்ள திருநாதர்குன்று இவ்வகையில் சிறப்பாக ஆராயத்தக்கது. பெரும்பாறை ஒன்றின் முகத்தில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசைகளில் செதுக்கப்பட்டுள்ளனர். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும், முப்பது நாள் நோன்பிருந்த இளைய பட்டாரரின் கல்வெட்டும் இக்குன்றில் உள்ளன. தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்வோர் முன்னதைத் தவறாது குறிப்பிடுவர். அவர்கள் எழுத்தைக் காணட்டும். நாம் வரிசையைக் காண்போம். தீர்த்தங்கரர்களின் திருமேனி உயரம் ஒருபோல்வதன்று. விருஷபதேவர் 500 வில். ஒன்பதாமவர் வரை ஐம்பது ஐம்பதாகக் குறைந்து 100. பதினான்காமவர் வரை பத்துப் பத்தாகக் குறைந்து 50. நேமிநாதர் வரை ஐந்தைந்தாகக் குறைந்து 10 வில். பார்சுவநாதர் 9 முழம். வர்த்தமானர் 7 முழம். ஒரு வில் நான்கு முழமாதலின் முதல்வர் 2000 முழம், இறுதியானவர் 7 முழம். சிற்பி இதனை அறியாதவனல்லன். எனினும் அவன் உயரத்தைக் கைவிட்டு இருபத்துநால்வரையும் ஒத்த அளவினராக அமர்த்தினான். அவன் காட்ட எண்ணியது எண்ணிக்கையும், கேவலஞான நிலையில் ஏற்றத்தாழ்வின்மையும். ஒரு படம் ஒரு வினாவுக்குத்தான் விடை சொல்ல வேண்டும் என்பதை அறிந்த கை அது. இன்றைய விளக்கப்படங்களில் பல, ஐந்து வினாக்களுக்கு ஒருசேர விடை சொல்லப் புகுந்து எதற்கும் சொல்லாமல் ஒழிகின்றன.

அறிவுப்படங்களுள் முடிமணி எனத் தக்கது சமவசரணம். கேவலஞானம் எய்திய தீர்த்தங்கரர் அறமுரைக்கும் பேரவை அது. விருஷபதேவருக்கு 12 யோசனை விட்டம், அடுத்தடுத்த தீர்த்தங்கரர்க்கு அரை அரை யோசனையாகக் குறைந்து நேமிநாதருக்கு ஒன்றரை, பார்சுவநாதருக்கு ஒன்றேகால், மகாவீரருக்கு ஒன்று. நான்கு திசைகளிலும் 20,000 படிகள். வீதிகளின் முகப்பில் செருக்கை அழிக்கும் மானத்தம்பங்கள். உள்ளே வட்டத்துள் வட்டமாக ஆலயநிலம், அகழிநிலம், கொடிப்பந்தர் நிலம், சோலைநிலம், கொடியாடை நிலம், கற்பகநிலம், மாளிகைநிலம், திருமண்டப நிலம். நடுவே மும்மேடை மீது கந்தகுடி. பதினான்காம் நூற்றாண்டினராகக் கருதப்படும் வாமன முனிவர் மேருமந்தர புராணத்தில் இதனை விரிவாகப் பாடியுள்ளார். ஸ்ரீபுராணத்தின் மணிப்பிரவாள நடையிலும் இவ்வருணனையைப் படித்திருப்பீர்கள். சொல்லில் ஒன்றன்பின் ஒன்றாக வருவது கண்ணுக்கு ஒருங்கே வரவேண்டும். இங்குதான் ஓவியரின் சிக்கல் தொடங்குகிறது. மேலிருந்து நோக்கினால் வட்டங்கள் தெரியும். வாயில்களின் உயரமும் மரங்களின் தோற்றமும் தெரியா. பக்கத்திலிருந்து நோக்கினால் மரங்கள் தெரியும், வட்டங்கள் மறைந்துவிடும். நம் ஓவியர் இரண்டையும் இணைத்தனர். தரையை மேலிருந்தும், அதன்மேல் நிற்பனவற்றைப் பக்கத்திலிருந்தும் வரைந்தனர். போளூரை அடுத்த திருமலையில், குந்தவை ஜினாலயம் உள்ள அந்தக் குன்றின் அடிவாரக் குகை அறைகளில், ஆரங்கள் பிரித்த சக்கரம்போலச் சமவசரணம் தீட்டப்பட்டிருப்பதைக் கண்டவர் இதனை உணர்வர். சித்தன்னவாசலின் விதானத்தில் மீனும் அன்னமும் யானையும் எருமையும் திளைக்கும் தாமரைத் தடாகத்தை, சமவசரணத்தின் இரண்டாம் நிலமாகிய அகழிநிலம் என்று அறிஞர் டி. என். இராமச்சந்திரன் விளக்கினார். ஒன்பதாம் நூற்றாண்டின் அவ்வோவியம் அழகிற்காக மட்டும் புகழப்படுகிறது. அது ஒரு பெரிய வரைபடத்தின் ஒரு பகுதி என்று கொண்டு நோக்கினால், தாமரை பறிக்கும் ஆடவர் எங்குச் செல்லும் வழியில் நிற்கின்றனர் என்பதும் விளங்கும்.

கந்தகுடியைச் சூழ்ந்த பன்னிரண்டு கோட்டங்களை நான் ஒவ்வொரு முறையும் நின்று எண்ணுவேன். முதற்கோட்டத்தில் கணதரரும் முனிவரும். மூன்றாவதில் ஆர்யாங்கனையரும் சாவகியரும். நால்வகைத் தேவர்க்கும் அவர்தம் தேவியர்க்கும் எட்டுக் கோட்டங்கள். பதினொன்றாவதில் மன்னரும் மாந்தரும். பன்னிரண்டாவதில் சிங்கமும் பசுவும் பாம்பும் கீரியும். சக்கரவர்த்தியே வந்தாலும் பதினொன்றாம் கோட்டத்தில்தான் இடம். வட்டத்தில் முதல்வரிசை என ஒன்றில்லை. நடுவிலிருந்து பன்னிரண்டு கோட்டங்களும் ஒரே தொலைவு. தீர்த்தங்கரர் நான்கு திசைகளிலும் முகம் காட்டுவதால் பின்னால் அமர்ந்தவர் என்றும் எவருமில்லை. நம் விழா மேடைகளில் முன்வரிசை நாற்காலிக்கு எழும் பூசல்களைக் கண்டவர்கள் இவ்வட்டத்தைச் சிறிது நேரம் நோக்கலாம். எல்லா உயிர்க்கும் அறம் கேட்கும் உரிமை ஒன்றே என்பதை எழுதிக்காட்ட ஒரு பக்கம் வேண்டும்; வட்டம் வரைந்தவன் ஒரு கோட்டில் அதை முடித்துவிட்டான்.

சமவசரணத்தைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதுமில்லை. நம் ஜினாலயமே சமவசரணத்தின் சுருக்கம். மேல்சித்தாமூரில் ஜினகாஞ்சி மடத்தை அடுத்துள்ள பார்சுவநாதர் ஆலயத்தில் கோபுரத்தைக் கடந்ததும் ஓங்கி நிற்பது மானத்தம்பம். அதன்பின் பிராகாரம், மண்டபம், கருவறை என ஒவ்வொன்றாகக் கடந்து கந்தகுடியை அடைகிறோம். பெருமண்டூர், வீடூர் முதலிய ஊர்களின் ஆலயங்களிலும் அளவு சுருங்கினாலும் முறை இதுவே. வலம் வருபவர் ஒரு வரைபடத்தினுள்ளே நடக்கிறார்.

படமும் எழுத்தும் இணைந்து நிற்கும் மிகச்சிறந்த சான்று காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் உள்ளது. விசயநகர அமைச்சர் இருகப்பர், தம் ஆசிரியர் புட்பசேனரின் ஏவலால் 1387-88இல் அங்குச் சங்கீத மண்டபம் எடுப்பித்தார். அதன் விதானத்தில் பின்னைய நூற்றாண்டுகளில் விருஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் பட்டை பட்டையாகத் தீட்டப்பட்டன. சமவசரணமும் அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு காட்சியின் கீழும் இன்னார் இன்னது செய்கிறார் என்று தமிழில் எழுதியுள்ளனர். இன்று செய்தித்தாள் படத்தின்கீழ்க் காணும் விளக்கவரிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. செய்தித்தாளில் விளக்கவரி இல்லையென்றாலும் படம் ஏதோ சொல்லும். இங்கோ, அரசவைகளும் தேர்களும் பிறப்புகளும் ஒன்றுபோல் தோன்றுவதால், எழுத்து இல்லையேல் எந்தப் பிறவியின் எந்த அரசவை என்று அறிய வழியில்லை. டி. என். இராமச்சந்திரன் 1934இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக இவ்வாலயம் பற்றி எழுதிய நூலில் ஓவியங்களையும் அவ்வெழுத்துகளையும் பொருத்தி விளக்கினார். ஓவியத்தின் பல பகுதிகள் மங்கிவிட்ட இந்நாளில் கதையின் தொடர்ச்சியை அறிய அந்நூலே துணை.

வண்ணத்தையே அளவுகோலாக்கிய படமும் நம்மிடம் உண்டு. ஆறு லேசியைகளை விளக்கும் நாவல்மரப் படத்தைச் சொல்கிறேன். பசித்த அறுவர் பழம் நிறைந்த மரத்தைக் காண்கின்றனர். ஒருவன் வேரோடு பெயர்க்க எண்ணுகிறான். ஒருவன் அடிமரத்தை வெட்ட. ஒருவன் பெருங்கிளையை முறிக்க. ஒருவன் கொத்துகளை ஒடிக்க. ஒருவன் பழத்தை மட்டும் பறிக்க. ஆறாமவன் தரையில் உதிர்ந்தவற்றைப் பொறுக்கிக்கொள்கிறான். அறுவரின் உடல்நிறமும் முறையே கருமை, நீலம், புறாநிறம், மஞ்சள், தாமரைநிறம், வெண்மை. பசி ஒன்றே, மரமும் ஒன்றே. அதனால் விளையும் அழிவின் அளவு மட்டும் மாறுகிறது. வேரிலிருந்து உதிர்ந்த பழம் வரை மரமே ஏணியாகி நிற்கிறது. மழை எச்சரிக்கைக்கு இன்று மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறம் குறிக்கிறார்கள். மனத்தின் வெம்மைக்கு ஆறு நிறம் வகுத்து எழுதப்படிக்கத் தெரியாதவரும் அறியச் செய்தனர் நம்மவர். தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் வேற்றுமை உருபுகளைப் புரியவைக்கக்கூட நான் இந்த மரத்தை வரைந்ததுண்டு. வெட்டுபவன், வெட்டப்படுவது, வெட்டும் கருவி, வெட்டும் இடம் எல்லாம் ஒரே படத்தில் கிடைத்தால் இலக்கணம் எளிதாகும்.

இவ்வளவு கூறியதற்குக் காரணம் உண்டு. நம் பகுதிச் சிற்றூர் ஆலயம் ஒன்றின் மண்டபச் சுவரில், யாரோ ஒரு சாவகர் தம் கைப்பட எழுதிய நாவல்மரப் படமும், இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் பெயர், இலாஞ்சனம், நிறம், யட்சன், யட்சி ஆகியவற்றைக் கட்டம் கட்டி எழுதிய அட்டவணையும் இருந்தன. எழுத்து நேர்த்தியானதன்று, ஆனால் கட்டங்களில் தவறில்லை. சில ஆண்டுகளுக்கு முன் திருப்பணி நடந்தபோது அச்சுவர் முழுவதும் பளபளக்கும் எனாமல் வண்ணம் பூசப்பட்டது. அவ்விடத்தில் இப்போது பிளக்ஸ் பதாகை ஒன்று தொங்குகிறது. அதில் சமவசரணம் ஒளிவீசுகிறது. மின்விளக்குப் போன்ற கதிர்களும் உண்டு. கோட்டங்களை எண்ணினேன், பத்துத்தான் இருந்தன. விலங்குகளின் கோட்டம் இல்லை. யாரையும் குறைகூற இதனைச் சொல்லவில்லை. அச்சகத்தார் கணினியில் கிடைத்த படத்தை எடுத்தனர். திருப்பணிக் குழுவினர் பொலிவு வேண்டினர். ஆனால் பன்னிரண்டு பத்தானால் அது சமவசரணப் படமாகாது. சக்கரவர்த்தியும் சிங்கமும் எங்கே அமர்வர் என்பதுதான் அப்படத்தின் பொருள்.

பெருமண்டூரோடு சேர்த்துப் பேசப்படும் மண்டலபுருடர் சொற்களைப் பன்னிரு தொகுதிகளாக வகுத்துச் சூடாமணி நிகண்டு செய்தார். அதன் ஒரு செய்யுளைப் பதிப்பிக்கையில் ஓர் அடி விடுபட்டால் நாம் பொறுப்பதில்லை. பாடபேதம் காட்டி வழக்கிடுகிறோம். படத்துக்கும் அந்தப் பதிப்பு நேர்மை வேண்டும். ஏட்டுச்சுவடிக்கு நாம் தரும் மதிப்பில் பாதியையேனும் சுவரில் உள்ள கட்டங்களுக்குத் தரலாகாதா?

அறக்கட்டளையினர்க்கும் இளைஞர்க்கும் சில வேண்டுகோள்கள். திருப்பணி தொடங்குமுன் சுவர், விதானம், மரப்பலகை ஆகியவற்றில் உள்ள ஒவ்வொரு படத்தையும் நேர்நின்று புகைப்படம் எடுங்கள். ஒரு முழக்கோலை அருகில் சார்த்திவைத்து எடுத்தால் அளவும் பதிவாகும். படத்தைவிட முதன்மையாக எழுத்துகளைப் படி எடுங்கள். விளக்குப் புகையும் நீர்க்கசிவும் வண்ணத்தை மங்கச் செய்யும் முன்னரே மெல்லிய எழுத்தை அழித்துவிடுகின்றன. புதிதாக வரையச் செய்தால் ஓவியரிடம் எண்ணிக்கைகளை எழுதிக் கொடுங்கள்: கோட்டம் பன்னிரண்டு, நிலம் எட்டு, நந்தீசுவரத்து ஆலயம் ஐம்பத்திரண்டு. ஐயம் எழுந்தால் மேல்சித்தாமூர் மடத்தில் கேட்டறியலாம். அங்குச் சுவடிகளும் நூல்களும் உள்ளன.

பிள்ளைகளுக்கு ஓவியப்போட்டி வைப்பவர்கள் 'மகாவீரரை வரைக' என்பதோடு நின்றுவிடாமல், ஒருமுறை ஜம்புத்தீவைக் கொடுத்துப் பார்க்கலாம். பிராகாரத்துத் தரையில் ஓர் ஆணியை நிறுத்தி, 95 சென்டிமீட்டர் கயிற்றைக் கட்டிச் சுண்ணக்கட்டியால் வட்டம் இழுத்தால் 190 சென்டிமீட்டர் விட்டம் கிடைக்கும். தெற்கோரத்திலிருந்து 1, 2, 4, 8, 16, 32, 64, பிறகு 32, 16, 8, 4, 2, 1 சென்டிமீட்டர் எனக் கோடுகள் இட்டால் நாடும் மலையும் தாமே அமைந்துவிடும். விதேகத்தின் நடுவில் மேருவுக்கு ஒரு புள்ளி வைக்கலாம். மேருவின் அடிவிட்டம் 10,000 யோசனை. ஆகவே புள்ளி 19 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். தென்கோடியில் ஒரு சென்டிமீட்டர் பட்டைக்குள் நம் பரத நாடு. அதனுள் திண்டிவனத்தைக் குறிக்க ஏதேனும் ஒரு பிள்ளை முயலக்கூடும். சுண்ணக்கட்டியின் முனை அதற்குப் பருமனாக இருக்கும்.